பிக்கப் வண்டியின் கிரீச்சொலி: துரத்த வேண்டியதும் அஞ்ச வேண்டியதும்

பிக்கப் வண்டியில் எழும் ஒலிகளில் காதை அதிகம் குடைபவை பெரும்பாலும் தீங்கற்றவை. வண்டியை நடுவழியில் நிறுத்திவிடக்கூடிய கோளாறுகளோ, ஜன்னலைத் திறந்து காது கொடுத்தாலன்றிப் புலப்படாத மெல்லிய ஒலியுடன் வரும். சில வேளைகளில் ஒலியே இல்லாமலும் வரும். டேஷ்போர்டில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டவுடன் வண்டியே தரமற்றது என்று முடிவு கட்டுவோரும், வண்டிக்கு அடியிலிருந்து வரும் குருவிக் கீச்சலை "இந்த வண்டிக்கே உரிய சத்தம்" என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வோரும் ஒரே தவற்றைத்தான் இரு பக்கமிருந்து செய்கிறார்கள். எனவே ஒலியை அடக்கும் வழியைத் தேடுமுன், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிய வேண்டும்.

பிக்கப் ஏன் இவ்வளவு முனகுகிறது

ஹோண்டா ரிட்ஜ்லைன், ஃபோர்டு மேவரிக் போன்ற ஒருசிலவற்றைத் தவிர, பிக்கப் வண்டிகள் ஏணி வடிவச் சேஸிஸின் மேல் கட்டப்படுகின்றன. கேபினும் சரக்குத் தொட்டியும் தனித்தனி உடல்கள். கேபின் ரப்பர் மவுண்ட்கள் மீது அமர்ந்திருக்க, தொட்டி சேஸிஸுடன் போல்ட்களால் பிணைக்கப்பட்டிருக்கும். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறும்போது சேஸிஸ் சற்றே முறுக்கிக்கொள்வதும், கேபினும் தொட்டியும் வெவ்வேறு அளவில் அசைவதும் இவ்வடிவமைப்பிலேயே எதிர்பார்க்கப்படுபவை. இவை இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அதற்காகத்தான் விடப்பட்டிருக்கிறது. அது இருபுறமும் சீராக இருக்கும் வரை அந்த அசைவைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

பின்புற ஸ்பிரிங் பாரம் சுமப்பதற்காக அமைக்கப்பட்டது என்பதால், தொட்டி காலியாக இருக்கும்போது வண்டி விறைப்பாகக் குதிக்கும். அந்த அதிர்ச்சி கேபினுக்குள் உள்ள ஒவ்வொரு பிளாஸ்டிக் கொக்கியையும் சென்றடையும். முன்பெல்லாம் எஞ்சின் இரைச்சலும் காற்றிரைச்சலும் இதை மூடி மறைத்தன. இப்போது இரட்டை அடுக்குக் கண்ணாடியும் தடித்த ஒலித்தடுப்புப் பஞ்சும் வைத்துக் கேபினை அமைதியாக்கிவிட்டதால், அடங்கிக் கிடந்த சின்னச் சத்தங்களெல்லாம் மேலெழுந்துவிட்டன. மின்சாரப் பிக்கப்பில் எஞ்சின் ஓசையும் இல்லை என்பதால் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். பழைய வண்டியைவிடப் புதியது அதிகம் சத்தமிடுவதாகத் தோன்றுவதில் பாதி இந்த அமைதியின் விளைவே.

ஒலிக்குப் பெயரிடுதல்

தமிழில் ஓசைக்கான சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கவனமாகப் பயன்படுத்தினாலே பாதித் தேடல் முடிந்துவிடும். கீச்சிடுவதும் கிரீச்சிடுவதும் உராய்வின் ஒலிகள்: இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, விசை மிகும்போது சட்டென்று நழுவி, மீண்டும் பற்றிக்கொள்ளும், இது ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான முறை நிகழும்போது கீச்சொலியாகக் கேட்கிறது. கடகடப்பதும் லொடலொடப்பதும் மோதலின் ஒலிகள்; இரண்டு பொருட்களுக்கு நடுவே இருக்கக் கூடாத இடைவெளி இருக்கிறது என்று பொருள். முன்னதற்கு மருந்து, பரப்புகளைப் பிரிப்பது அல்லது வழுக்கச் செய்வது; பின்னதற்கு மருந்து, இடைவெளியை அடைப்பது அல்லது இறுக்குவது. கடகடக்கும் இடத்தில் எண்ணெய் தெளிப்பதும், கீச்சிடும் இடத்தை இன்னும் இறுக்குவதும் வீண் வேலைகள். உறுமல், ஊளை, தாளம் தவறாத 'டிக் டிக்' ஆகியவை பெரும்பாலும் சுழலும் பாகங்களிலிருந்து வருபவை. இவற்றை எப்போதும் முதலில் கவனிக்க வேண்டும்.

அடுத்து, அந்த ஒலி எதனுடன் கட்டுண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி நின்றிருக்கையில் எஞ்சினை முறுக்கினால் ஒலி கூடுகிறதென்றால் அது எஞ்சின் பக்கத்தது. எஞ்சின் வேகம் எப்படியிருந்தாலும் வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிறதென்றால் அது சக்கரம், பேரிங், பிரேக், புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பெட்டியிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டு) ஆகியவற்றில் ஒன்று. வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மெதுவாக ஏற்றி இறக்கும்போது கேட்டால் அது சஸ்பென்ஷனிலோ உடற்கட்டிலோ உள்ளது. குளிர்ந்த காலையில் மட்டும் கேட்டு, உள்ளே சூடேறியதும் மறைந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் காரணம். டேஷ்போர்டில் பயன்படும் பிளாஸ்டிக் வகைகள் எஃகைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்குபவை என்பதால், ஒரு மீட்டர் நீளமுள்ள பகுதியில் 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு எஃகு அரை மில்லிமீட்டர் மட்டுமே நீளும்போது பிளாஸ்டிக் சில மில்லிமீட்டர் நீளக்கூடும். இத்தனை அசைவுக்கும் அதன் கொக்கிகள்தான் இடம் கொடுக்க வேண்டும்.

இந்தத் தகவல்களை ஒரு வாரம் குறித்து வைப்பது நல்லது: வேகம், வெப்பநிலை, மழையா வெயிலா, பாரம் இருந்ததா, ஸ்டியரிங் திரும்பியிருந்ததா. குறிப்பாக மழையில் மறைந்து வெயிலில் திரும்பும் கீச்சொலி ரப்பர் புஷ்ஷையோ (இணைப்புகளில் அதிர்வை வாங்கும் உருளை) பட்டை ஸ்பிரிங்கையோ (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) நேரடியாகச் சுட்டிக்காட்டும்.

முதலில் வண்டியைக் காலி செய்க

தேடலைத் தொடங்குமுன் வண்டியில் கழற்றக்கூடிய அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். பின்னிருக்கைக்கு அடியில் உள்ள ஜாக்கியும் ஸ்பேனர்களும், கதவுப் பைகளில் கிடக்கும் பொருட்கள், தொட்டியை மூடும் உறை, தளர்ந்த நம்பர் பிளேட், சேஸிஸுக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி டயரைத் தாங்கும் கம்பிவடம் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். ஒருமுறை பின்புற ஸ்பிரிங்கிலிருந்து வருவதாக நம்பி மூன்று வார இறுதிகளை வண்டிக்கு அடியிலேயே கழித்த நான், ஆளில்லாத பின்னிருக்கையின் சீட் பெல்ட் கொக்கி பிளாஸ்டிக் உறையில் உராய்வதைக் கடைசியில் கண்டுபிடித்தேன். மூடிய கேபினுக்குள் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது சொல்வதை அப்படியே நம்பக் கூடாது.

பிறகு வேறொருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் ஒவ்வொரு பாகத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது ஒலி நின்றால் இடம் கிடைத்துவிட்டது. டேஷ்போர்டு, நடுப்பெட்டி, கதவுப் பலகை ஆகியவற்றில் இரு பிளாஸ்டிக் விளிம்புகள் சேரும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் நாடாவை ஒட்டுவதே நீடித்து நிற்கும் தீர்வு. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து கிரீச்சிட்டால், ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தபின் சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசலாம். பெட்ரோலிய எண்ணெயோ சாதாரணக் கிரீஸோ ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். கதவு பூட்டிக்கொள்ளும் கொக்கியின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை தேய்ந்திருந்தாலும் கதவே கீச்சிடும். இதைப் பலரும் பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடியை ஒட்டியுள்ள தூண் உறைகளுக்குள்ளும் கூரையோரத்திலும் இருக்கையின் பக்கவாட்டிலும் ஏர்பேக் இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திராமல் இவற்றைப் பிரிக்கக் கூடாது. உள்ளே மஞ்சள் நிற இணைப்பானைக் கண்டால் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அந்த உறைகளுக்குள் வீட்டில் கிடைக்கும் பஞ்சைத் திணிப்பதும் ஏர்பேக் விரியும் வழியை மறிக்கும் செயலாகிவிடும்.

தொட்டியைப் பொறுத்தவரை பின்கதவின் கடகடப்பே மிகுதி. கதவின் ஓரங்களில் உள்ள ரப்பர் முட்டுகளைச் சற்று வெளியே திருகினாலோ, தாழ்ப்பாள் பதியும் இடத்தைச் சரிசெய்தாலோ அது அடங்கிவிடும்.

பட்டை ஸ்பிரிங்: பொறுமை தேவைப்படும் இடம்

ராம் 1500 போல, பின்புறத்தில் சுருள் ஸ்பிரிங் கொண்ட பிக்கப்புகள் உண்டு என்றாலும், பெரும்பாலானவை இன்றும் பட்டை ஸ்பிரிங்கையே நம்பியிருக்கின்றன. பாரம் ஏறும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். அதற்காக அவற்றின் நுனிகளில் பிளாஸ்டிக் தகடுகள் வைக்கப்பட்டிருக்கும். அவை தேய்ந்தாலோ, நழுவி விழுந்தாலோ, இடையில் மணல் புகுந்தாலோ, இரும்பும் இரும்பும் உராய்ந்து பழைய கட்டிலைப் போலக் கிரீச்சிடும்.

இடத்தைக் கண்டுபிடிக்கத் தண்ணீரைவிட நல்ல கருவி இல்லை. ஒருவர் பின் பம்பரின் மீது ஏறி வண்டியைக் குதிக்க வைக்க, மற்றொருவர் சிறிய தெளிப்பானால் முதலில் ஒரு பக்கப் பட்டை நுனிகளையும், பிறகு முன்கண் (ஸ்பிரிங்கின் முன்முனை வளையம்) புஷ்ஷையும், பிறகு ஷேக்கிளின் (ஸ்பிரிங்கின் மறுமுனையைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் பிடி) மேல் கீழ் புஷ்களையும், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு நனைக்க வேண்டும். எதை நனைத்ததும் ஒலி நிற்கிறதோ அதுவே காரணம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்தால் சத்தம் போய்விடும், ஆனால் ஒன்றும் தெரியவராது.

பட்டைகள்தான் காரணம் என்று உறுதியானால், முதலில் அழுத்தமான நீரால் இடுக்குகளைக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். பல வேளைகளில் இதுவே போதுமானது. அடங்காவிட்டால், சேஸிஸை உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி அச்சைக் கீழே தொங்கவிட்டால் பட்டை நுனிகள் சற்றுப் பிரியும். அந்த இடைவெளியில் தேய்ந்த தகடுகளை மாற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பட்டைகளுக்கு இடையே சாதாரணக் கிரீஸைப் பூசினால் சில வாரங்கள் அமைதி கிடைக்கும். பிறகு அந்தக் கிரீஸ் தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாக மாறி, முன்பைவிட அதிகம் தேய்க்கும். உலர்ந்து படியும் வகை மசகே இங்குப் பொருத்தம். துருவை இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுவது எல்லோரும் செய்வதுதான். அது சில நாட்களில் ஆவியாகிவிடும், போகும் போக்கில் ரப்பரையும் நனைத்துவிட்டுப் போகும்.

புஷ் மாற்றும்போது நிகழும் ஒரு பிழை தனியே சொல்லத் தக்கது. ரப்பர் உலோகக் குழாயோடு ஒட்டிய வகைப் புஷ்கள் வழுக்குவதில்லை, ரப்பரே முறுக்கி நிமிர்கிறது. அச்சு தொங்கிய நிலையில் போல்ட்டை முழுதும் இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய கணத்திலிருந்தே அந்த ரப்பர் முறுக்கிய நிலையில் வாழத் தொடங்குகிறது. சீக்கிரம் கிழிந்து மீண்டும் கிரீச்சிடும். போல்ட்டைக் கையளவு இறுக்கத்தில் விட்டு, வண்டியைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, இயல்பான உயரத்தில் வைத்தபின்னரே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் முன்புறக் கண்ட்ரோல் ஆர்ம் புஷ்களுக்கும் இதே விதிதான். "மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் சத்தம்" என்னும் புலம்பலில் ஒரு பெரும் பங்குக்கு உதிரிபாகத்தின் தரத்தைவிட இந்த இறுக்கும் முறையே காரணம் என்பது என் கணிப்பு. ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றியிருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதன் இறுக்கத்தை மறுபடியும் சோதிக்க வேண்டும்.

பொறுத்துக்கொள்ளக் கூடாத ஒலிகள்

மெதுவாகச் செல்கையில் ஜன்னலைத் திறந்து, ஒரு சுவரை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். குருவி கத்துவது போன்ற கீச்சொலி தாளத்தோடு கேட்டு, வேகம் கூடக்கூட அதுவும் விரைவுபட்டால், புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் (தண்டு கோணம் மாறிச் சுழல உதவும் சிலுவை வடிவ மூட்டு) கிரீஸ் வற்றிப்போயிருக்க வாய்ப்பு மிகுதி. அடியில் பார்த்தால் அதன் மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிந்திருக்கும்; கையால் ஷாஃப்டை முறுக்கினால் ஆட்டம் தெரியும். கிரீஸ் நிப்பிள் இருந்து, ஆட்டம் இல்லாதிருந்தால் கிரீஸ் அடித்துக் காப்பாற்றலாம். ஆட்டம் வந்துவிட்டால் மாற்றுவதே வழி. ஓடும்போது இது முறிந்தால் ஷாஃப்ட் தரையில் இறங்கிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வண்டியை உயர்த்தும் கிட் பொருத்தியவர்கள் ஷாஃப்டின் கோணத்தையும் மாற்றிவிட்டிருப்பார்கள். அவர்களுக்கு இந்த ஒலி சற்று முன்கூட்டியே வரும். நின்று கிளம்பும்போது அடியில் ஒரேயொரு 'டக்' கேட்பது வேறு. அது பல நேரம் ஷாஃப்டின் நழுவும் பகுதி வறண்டிருப்பதால் எழுவது, சுத்தம் செய்து உரிய கிரீஸ் இட்டால் போகும்.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரப் பக்கம் முனகினால் பால் ஜாயின்ட்டின் (சக்கரம் திரும்ப உதவும் பந்து மூட்டு) ரப்பர் உறையைப் பார்க்க வேண்டும். உறை கிழிந்து நீர் புகுந்திருந்தால், ஊசியால் உள்ளே கிரீஸ் செலுத்தி ஒலியை அடக்கும் குறுக்கு வழி ஆபத்தானது. தேய்மானம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் நின்றுபோகிறது. இது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். வேகத்தோடு கூடும் உறுமல், வளைவில் ஒரு பக்கம் பாரம் சாயும்போது மாறினால், அது வீல் பேரிங்.

பிரேக்கில், மழைக்கு அல்லது இரவு முழுதும் நின்றதற்குப் பின் முதல் சில நிறுத்தங்களில் வரும் நறநறப்பு டிஸ்க்கின் மேற்துரு மட்டுமே. ஓடும்போது இடைவிடாது ஊசி போல் ஒலித்து, பெடலை மிதித்தால் நிற்கும் அல்லது மாறும் கிரீச்சொலி, பேட் தேய்ந்ததை அறிவிக்க வைத்திருக்கும் தகட்டின் குரலாக இருக்கலாம்.

எஞ்சின் பெல்ட் சத்தத்துக்கும் நீர்ச் சோதனை உண்டு. தளர்ந்த உடையையும் விரல்களையும் விலக்கி வைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது நீரைத் தெளிக்க வேண்டும். ஒலி நின்று சற்று நேரத்தில் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. மாறாக ஒலி உரத்தால் பெல்ட்டின் இழுவிசை குறைந்து அது வழுக்குகிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் சில விநாடிகள் கடகடத்து அடங்கினால் டைமிங் செயின் அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும், ஃபோர்டின் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சின்களில் கேம் ஃபேஸரின் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) தேய்மானம் இப்படித்தான் அறியப்பட்டது. முதலில் ஆயிலின் அளவையும் தரத்தையும் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். குளிரில் 'டிக் டிக்' என்று கேட்டுச் சூடானதும் மறைவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு. முறிந்த போல்ட் ஒன்று அங்கே கிடக்கும்.

ஒலியில்லாத கவலைகள்

நம்பகத்தன்மையைக் காதால் அளக்க முடியாது என்பதற்கு அண்மைக் காலச் சான்றுகள் உள்ளன. 2024 மே மாதத்தில் டொயோட்டா நிறுவனம், உற்பத்தியின்போது எஞ்சினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்கள் காரணமாக, 2022, 2023 மாடல் டண்ட்ரா பிக்கப்புகளையும் லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளையும் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. அவை ஏறத்தாழ 1 லட்சத்து 2 ஆயிரம். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 2021 முதல் 2024 வரையிலான 6.2 லிட்டர் வி8 எஞ்சின் பொருத்திய பிக்கப்புகளையும் எஸ்யூவிகளையும், கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைபாடுகளுக்காக அதே நாட்டில் திரும்ப அழைத்தது; ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகள். சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு பாகுத்தன்மை கூடிய 0டபிள்யூ-40 ஆயில் ஊற்றுவதே பரிகாரமாக அறிவிக்கப்பட்டது. பின்கதவு கடகடக்காத அமைதியான வண்டி இந்தப் பட்டியலில் இருக்கலாம். கடகடக்கும் வண்டி இல்லாமலும் இருக்கலாம். ஆகவே 17 எழுத்து-எண்கள் கொண்ட சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இட்டுப் பார்ப்பது எந்த ஸ்பிரேயையும்விடப் பயனுள்ளது.

சேஸிஸ் துரு இன்னொன்று. அமெரிக்காவில் டகோமா உள்ளிட்ட சில டொயோட்டா வண்டிகளின் சேஸிஸ் துருப்பிடித்தல் தொடர்பான வழக்கு 2016இல் 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்தில் முடிந்தது. பெட்டி வடிவச் சட்டத்தின் உட்புறமிருந்து துரு தொடங்குவதால் வெளியில் பெயிண்ட் பளபளக்கும். பழைய வண்டி வாங்குவோர் சிறு சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். 'டங்' என்னும் ஓசை மங்கி 'டொப்' என்று மாறும் இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். வடிகால் துளைகளில் சேறு அடைத்திருந்தால் அதுவும் கெட்ட அறிகுறியே.

டீசல் பிக்கப்பைக் குறுந்தூரத்துக்கு மட்டும் பயன்படுத்துவோர், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எக்ஸாஸ்ட் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அது பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கக்கூடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் ஆயில் "வாழ்நாள் முழுமைக்கும்" என்று கையேடு சொன்னாலும், டிரெய்லர் இழுப்போர் அதே கையேட்டின் கடும் பயன்பாட்டு அட்டவணையைத் தேடிப் படிப்பது நல்லது.

பயன்படுத்திய வண்டியைப் பார்க்கும்போது ஸ்கேனரைச் செருகி, பிழைக் குறியீடு இல்லை என்பதோடு நின்றுவிடாமல், சுயசோதனைகள் முடிந்த நிலையில் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். எல்லாமே 'முடியவில்லை' என்று காட்டினால், யாரோ அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

சர்வீஸ் மையத்தில்

வாரண்டி உள்ள வண்டியில் நீங்களே எதையும் பிரிக்காமல், உங்கள் குறிப்புகளோடு செல்லுங்கள். "சத்தம் வருகிறது" என்பதற்குப் பதிலாக, "இரவு முழுதும் நின்றபின், மணிக்கு 20 கிலோமீட்டரில், இடப்பக்கச் சக்கரம் வேகத்தடையில் இறங்கும்போது பின்புறம் கிரீச்சிடுகிறது" என்று சொன்னால் அவர்களால் அதை மீண்டும் எழுப்ப முடியும். குளிரில் மட்டும் வரும் ஒலியென்றால் வண்டியை முந்தைய மாலையே அங்கு விட்டுவிட்டு, மறுநாள் காலை மெக்கானிக்கோடு சேர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கைபேசியில் பதிவு செய்த ஒலியும் உதவும். மைக்ரோஃபோன் தாழ்ந்த உறுமலை விழுங்கிவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. அவர்களுக்கு ஒலி கேட்காவிட்டாலும், புகாரும் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் ஜாப் கார்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்தி அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்தபின் அதே பாகம் உடைந்தால், குறை காலக்கெடுவுக்குள்ளேயே தெரிவிக்கப்பட்டது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆவணம் அந்த நகல்தான்.